இரண்டரை ஜிபி அண்ணன்

ஒரு ஃபைல் முன்னறையிலிருந்து பின்பக்கக் கொட்டகைக்குப் போக வேண்டும். நடந்தால் முப்பத்தெட்டு அடி. நான் அளந்திருக்கிறேன். டீ கிளாஸோடு நடந்திருக்கிறேன், செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன், கரண்ட் போனபோது சுவரைத் தடவிக்கொண்டும் நடந்திருக்கிறேன். அதிகம் போனால் பதினைந்து நொடி. அன்றைக்கு அந்த ஃபைல் போய்ச் சேர இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். நான் திரையையே முறைத்துப் பார்த்தேன். முறைப்பது அதற்குப் பிடிக்கவில்லை போலும். மூன்று மணி பத்து நிமிடம் என்று மாற்றிக்கொண்டது.

அரியமங்கலத்தில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பிரஸ் இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று யார் முகத்தைக் கொண்டுவந்தாலும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கித் தருவது என் தொழில். முன்னறையில் டிசைன் செய்கிற கம்ப்யூட்டர். பின்னால் தகரக் கொட்டகையில் அச்சு மிஷின், அதற்கென்று தனியாக இன்னொரு கம்ப்யூட்டர். இரண்டையும் இணைப்பது ஒரு நீல வயர். நடுவில் எட்டு ஓட்டை உள்ள ஒரு சின்னப் பெட்டி. அதற்கு சுவிட்ச் என்று பெயர், ஆனால் போடவும் அணைக்கவும் அதில் ஒன்றும் கிடையாது. டிசைன் முடிந்ததும் ஃபைலை இந்த வயர் வழியாக அனுப்பினால் பின்னால் மிஷின் அச்சடிக்கத் தொடங்கும். பல வருஷமாக இப்படியே ஓடியது. ஓடியதால் அதைப் பற்றி நான் ஒன்றுமே தெரிந்துகொள்ளவில்லை.

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் வீட்டில் உட்கார்ந்து இரண்டாவது காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. வையம்பட்டிக்காரர் ஒருவர். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று முந்தின நாள் சாயங்காலம்தான் இருபதுக்குப் பத்து அடியில் பேனர் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

"அண்ணே, உங்க பிரஸ் வாசல்ல நிக்கிறேன்."

"என்ன தம்பி, கலர் ஏதும் மாறிப்போச்சா?"

"கலரெல்லாம் ஜோரா இருக்கு. எங்கண்ணன் விசேஷத்துக்கு வர்றாருண்ணே."

"நல்ல சேதிதானே?"

"அண்ணே, அவரு போட்டோ பேனர்ல இல்ல."

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். பேனரில் எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். தேதி தப்பாக இருந்தால் மேலே ஒரு காகிதம் ஒட்டிக்கொள்வார்கள். பங்காளி முகம் விடுபட்டால் மட்டும் அது தப்பாக வந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். வேண்டுமென்றே விட்டார்கள் என்றுதான் ஆகும். காவிரிப் பாலத்தில் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஹெல்மெட்டை வீட்டிலேயே விட்டிருந்தேன் என்பது பிரஸ் வாசலில் தலையைச் சொறிந்தபோதுதான் தெரிந்தது.

வாசலில் அவர் ஒரு சின்ன வேனோடு நின்றார். நாற்பது வயது இருக்கும். முகத்தில் இரண்டு நாள் தாடி, விசேஷ வீட்டுக்காரர்களுக்கே உரிய தூங்காத கண்.

விஷயம் இதுதான். அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவாக ஒரு கிணறு. யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்பதில் வாய்ச்சண்டை. ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு தங்கச்சிக்குப் போன் போட்டு, "மாட்டைப் பிடிச்சுக் கட்டச் சொல்லு அவனை" என்று சொல்லுகிற அளவுக்குச் சண்டை. முந்தின நாள் ராத்திரி தங்கச்சி நேரே போய் அண்ணன் முன்னால் அழுதிருக்கிறாள். மூத்த தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவேன், இல்லாவிட்டால் குத்தவே மாட்டேன் என்று. அண்ணன் இறங்கி வந்துவிட்டார். பதினோரு மணிக்கு மேளத்தோடு சீர் எடுத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

"தெரு முக்குல பேனர் கட்டியாச்சுண்ணே. நாப்பத்தி மூணு முகம் இருக்கு அதுல. சிங்கப்பூர்ல இருக்கிற மச்சான் கூட இருக்கான். அண்ணன் அதுக்கு அடியிலதான் நுழையணும். தலையைத் தூக்கிப் பார்ப்பாரு. அவரு மொகம் இல்லைன்னா அப்படியே திரும்பிருவாரு. அப்புறம் எத்தனை பேரு அழுதாலும் வர மாட்டாரு."

"போட்டோவை மட்டும் சின்னதா அடிச்சுத் தரேன், மேல ஒட்டிக்கலாமே?"

"ஒட்டுப் போட்டா அந்த ஒட்டுதாண்ணே அவரு கண்ணுல மொதல்ல படும்."

சரியான பதில். எனக்கே ஒட்டினால் நானும் திரும்பிப் போய்விடுவேன்.

டிசைனர் அம்மாள் பக்கத்துத் தெருதான். ஞாயிற்றுக்கிழமை என்று தலைக்கு எண்ணெய் வைத்திருந்தவர் அப்படியே துண்டோடு வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார், மரியாதைக்கு அல்ல, கிண்டலுக்கு. நான் அவரை மேடம் என்பேன், பயத்துக்கு.

"எவ்வளவு பெருசுல போடணும் உங்கண்ணனை?" என்று கேட்டார்.

"என்னைவிட ஒரு பிடி பெருசாக்கா."

எட்டு மணிக்கு ஃபைல் தயார். இரண்டரை ஜிபி. மிஷின் அச்சடிக்க அரைமணி நேரம். வையம்பட்டி போக ஒன்றே கால் மணி நேரம். பதினோரு மணிக்கு மேளம். ஒன்பதே காலுக்கு அச்சு முடிந்தால் கட்டக் கூட நேரம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்து நான் கையைத் தட்டினேன். "டென்ஷனே வேண்டாம் தம்பி, டீ சொல்லட்டுமா?" என்று கூடக் கேட்டேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் காது கூசுகிறது.

அம்மாள் ஃபைலை அனுப்பினார். இரண்டு மணி நாற்பது நிமிடம்.

பதற்றத்தில் நான் என்னவெல்லாம் செய்வேன் என்பது எனக்கே புதிய செய்தியாகத்தான் ஒவ்வொரு முறையும் வரும். முதலில் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினேன். பிறகு இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன். பிறகு ஃபேனை அணைத்தேன். ஏன் ஃபேன் என்று கேட்காதீர்கள். அதற்குள், மறுபடி அனுப்பிய ஃபைல் நாலு சதவீதம் வரை போய், நெட்வொர்க்கைக் காணோம் என்று ஒரு பெட்டி திறந்து, அங்கேயே செத்துப்போனது. மறுபடி ஆரம்பத்திலிருந்து.

இன்டர்நெட்காரனுக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் ஒரு பெண் குரல், மிகவும் பொறுமையானது.

"மாசாமாசம் பணம் வாங்குறீங்கல்ல? ஒரு ஃபைல் நகர மாட்டேங்குது! ஒரு குடும்பமே பிரியப் போவுது!"

"சார், எங்கிருந்து எங்க போகணும் சார் ஃபைல்?"

"முன்னாடி ரூம்லேர்ந்து பின்னாடி கொட்டகைக்கு!"

"சார், உங்க ரெண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவுல நாங்க இல்ல சார்."

டிசைனர் அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடுவில் யாருமே இல்லை என்றால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வைரஸ் என்று முடிவு செய்தேன். எல்லா ஃபைலையும் சோதிக்கச் சொல்லி ஆன்டி வைரஸை முடுக்கினேன். இருந்த கொஞ்ச நஞ்ச வேகமும் போய், மவுஸ் அம்பு கூட முழங்காலளவு சேற்றில் நடப்பது மாதிரி நகர்ந்தது. அம்மாள் என் கையை மவுஸ் மேலிருந்து எடுத்து என் மடியிலேயே வைத்தார்.

"அண்ணே, பென்டிரைவ்ல போட்டுக் கொண்டுபோய்ச் சொருகினா ரெண்டு நிமிஷம்," என்றார் வையம்பட்டித் தம்பி.

உலகத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். நானும் அம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "சொல்லுங்கண்ணே," என்றார் அம்மாள். "நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

சொல்லத்தான் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் பென்டிரைவில் வைரஸ் வந்து மிஷின் கம்ப்யூட்டர் மூன்று நாள் படுத்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் நான் ஹார்டுவேர் கடைக்குப் போய், தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைப்போமே, அந்தக் கெட்டிப் பசையை வாங்கிவந்து, மிஷின் கம்ப்யூட்டரில் பென்டிரைவ் சொருகுகிற எல்லா ஓட்டையிலும் திணித்து விரலால் வழித்துவிட்டேன். ஏற்கனவே சொருகியிருந்த கீபோர்டு, மவுஸ் வயர்களையும் ஆடக் கூடாது என்று சுற்றிப் பூசிவிட்டேன். அது காய்ந்து கருங்கல்லாகிவிட்டது. இனி எந்த வைரஸும் உள்ளே நுழைய முடியாது என்று அன்றைக்கு நான் பெருமையாகச் சொன்ன சொல்லுக்கு இன்றுவரை பங்கமில்லை.

தம்பி பின்னால் போய் அந்தக் கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "ஒழுகாதுண்ணே," என்றார்.

பக்கத்து பிரஸ்காரர் பூட்டிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். மணி எட்டு இருபத்தைந்து. அம்மாள் இன்னொரு யோசனை செய்தார். படத்தை அழுத்திச் சுருக்கிச் சின்ன ஃபைலாக்கி அனுப்பினார். அது முக்கி முனகிப் பாதி போய்க்கொண்டிருக்கும்போதே மிஷின் கம்ப்யூட்டர் அவசரப்பட்டு அதைத் திறந்துவிட்டது. மேல்பாதியில் பிள்ளையாரும் வாழ்த்து வாசகமும் பளபளப்பாக இருந்தன. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். அண்ணன் கழுத்துக்குக் கீழே இல்லை. தங்கச்சி குடும்பமே இல்லை.

"இதை அடிச்சா கண்ணீர் அஞ்சலிக்குத்தான் ஆகும்," என்றார் அம்மாள். தம்பி சிரிக்கவில்லை. வேன் சாவியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தார். போன் அடித்தது, எடுத்தார். தங்கச்சி. "வந்துருவேன்மா. வந்துக்கிட்டே இருக்கேன்," என்றார். வந்துகொண்டு இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கடைசியாக நெட்வொர்க் மாட்டிக் கொடுத்தவருக்குப் போன் போட்டேன். அவரும் ஸ்ரீரங்கம்தான். தன்மையான மனிதர். வயரைக் கூட நமஸ்காரம் பண்ணுவது மாதிரிக் குனிந்துதான் சொருகுவார்.

"சொல்லுங்கோ ஸ்வாமி. அடியேன் கோயில் வாசல்ல நிக்கறேன். போனை வாங்கி வைக்கற இடத்துல என் முறை வந்துடுத்து."

"ஸ்வாமி, ஃபைல் போகலை! நூறு தடவை அனுப்பியாச்சு!"

"பதறாதேள். அந்தப் பெட்டியில விளக்கு எரியறதே, அது எப்படி எரியறதுன்னு பாருங்கோ. எப்படின்னா..." அதற்குள் வேறொரு குரல், "சார், போனைக் குடுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க." அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வரிசை. அவர் பெருமாளைச் சேவித்து வெளியே வருவதற்குள் வையம்பட்டியில் பந்தி முடிந்துவிடும். அந்தப் போட்டியில் நான் ஜெயிக்க முடியாது.

பெட்டியை எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. "எரியுது!" என்று கத்தினேன். "பெட்டி நல்லா இருக்கு!" எப்படி எரிகிறது என்று அவர் கேட்டதை, எரிகிறதா என்று கேட்டதாகவே என் பதற்றம் எடுத்துக்கொண்டது.

தம்பி மெதுவாக வந்து பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வயலில் மடையைத் திறந்துவிட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பவர் மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தார்.

"அண்ணே, மத்த லைட்டெல்லாம் பச்சை. இது ஒண்ணு மட்டும் மஞ்சள். அதுவும் எரியுது, அணையுது, எரியுது. இந்த வயரு எங்க போவுது?"

"பின்னாடி மிஷினுக்கு."

"உள்ள எத்தனை கம்பி?"

"எட்டு," என்றார் அம்மாள்.

"எட்டுலயும் வருதா?"

"வந்தாத்தானய்யா லைட்டே எரியும்!" என்றேன் நான், மேதை.

"அப்படி இல்லண்ணே. எங்க கெணத்து மோட்டாருக்கு மூணு பேஸு கரண்டு. ஒண்ணு போயி ரெண்டுதான் வந்தாலும் ரூம்ல பல்பு எரியத்தான் செய்யும். கண்டன்சர்னு ஒரு டப்பா மாட்டினா மோட்டாரு கூட ஓடும். ஆனா தண்ணி நூலு மாதிரி வரும், நடுவுல நடுவுல நின்னு போவும். இதுவும் நூலு மாதிரிதானே வருது?"

நானும் அம்மாளும் ஒரே நேரத்தில் அந்த வயரைப் பார்த்தோம். நான் முந்திக்கொண்டு அதன் முனையைப் பிடுங்கினேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் முனை. அதற்குள் வரிசையாக எட்டுப் பித்தளைக் கீற்று மினுங்க வேண்டும். மூன்றுதான் தெரிந்தன. மற்றவற்றின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து வெடித்திருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

நல்ல வாசனை.

"சந்தனம்," என்றேன்.

"குங்குமமும் இருக்கு பாருங்க, ஓரத்துல," என்றார் அம்மாள், மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ருசித்து. "யாருண்ணே வச்சிருப்பாங்க?"

நான்தான். வேறு யார்? ஆயுத பூஜை அன்றைக்கு எனக்கு ஒரு வேகம் வரும். ஒரு சாமான் விட்டுப்போகக் கூடாது. மற்றவர்கள் மிஷினுக்கும் மானிட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு பொரி சாப்பிடப் போய்விட்டார்கள். நான் விடவில்லை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகப் பிடுங்கி, முனையைத் துடைத்து, முனையிலேயே பொட்டு வைத்தேன். வயருக்கு முகம் அதுதானே என்று எனக்கு ஒரு வாதம். "வயருக்கெல்லாம் எதுக்குண்ணே?" என்று அம்மாள் அன்றைக்கே கேட்டார். "உங்களுக்கு பக்தி பத்தாது மேடம்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அதிலும் பாருங்கள், மற்ற வயர்கள் பிழைத்தது எதனால்? கிண்ணத்தில் சந்தனம் தீரத் தீர அவற்றுக்குக் கடுகளவுதான் கிடைத்தது. மிஷினுக்குப் போகிற வயருக்குத்தான் முதல் பொட்டு, பெரிய பொட்டு, இரண்டு முனையிலும். சோறு போடுவது அதுவல்லவா? வைத்த ஈரத்தோடு அப்படியே திருப்பிச் சொருகியும் விட்டேன்.

புரட்டாசியில் வேலை மந்தம். வந்ததெல்லாம் கடை வாசலில் வைக்கிற துண்டு போர்டுகள், சின்ன ஃபைல்கள். கொஞ்சம் மெதுவாகப் போனதை யாரும் கவனிக்கவில்லை. முந்தின நாள் அந்தப் பழைய பேனரை அனுப்பிவிட்டு இரண்டு பேரும் சாப்பிடப் போய்விட்டோம். எப்போது போய்ச் சேர்ந்ததோ, எங்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் சந்தனம் இன்னும் காய்ந்திருக்கும்.

அப்போது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது கும்மாளம். காரணம் கிடைத்துவிட்டது! இன்டர்நெட்காரன் இல்லை, வைரஸ் இல்லை, கிரகம் இல்லை, நான்! என்னைத்தானே, நான் சமாளித்துக்கொள்வேன்!

அச்சு மிஷினில் மை தெளிக்கிற மூக்கு அடைத்துக்கொண்டால் துடைப்பதற்கு ஒரு மருந்துத் தண்ணீரும், நுனியில் பஞ்சு வைத்த குச்சிகளும் வைத்திருப்போம். அம்மாள் அவற்றை எடுத்துவந்து, முன்பக்கத்து முனையையும் பெட்டியின் ஓட்டையையும் துடைக்க உட்கார்ந்தார். பின்பக்கத்துக்கு நான் கிளம்பினேன். தம்பி என் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டார்.

"நான் பார்த்துக்கிறேண்ணே. நீங்க லைட்டை மட்டும் பிடிங்க."

"ஏன், எனக்குத் தெரியாதா?"

"கை ஆடுதுண்ணே."

ஆடிக்கொண்டுதான் இருந்தது. நான் போன் டார்ச்சைப் பிடித்தேன், அதுவும் ஆடியது. அவர் என் மணிக்கட்டை இடது கையால் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு வலது கையால் துடைத்தார். பஞ்சில் மஞ்சள் வந்தது, சிவப்பு வந்தது, மறுபடி மஞ்சள் வந்தது. கடைசியில் வெள்ளையாகவே வந்தது. ஊதி உலர்த்தி, டக் என்று சொருகினார்.

முன்னறையிலிருந்து அம்மாள் குரல் கேட்டது. "பச்சை! பச்சை! நின்னு எரியுது!"

முப்பத்தெட்டு அடியை ஓடிக் கடந்தேன். அம்மாள் ஃபைலை அனுப்பியிருந்தார். இரண்டரை ஜிபி. அந்தப் பட்டை, காலையிலிருந்து எறும்பு மாதிரி ஊர்ந்த பட்டை, இந்தப் பக்கம் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் போய்விட்டது. நொடிக்கு நூறு எம்பி! நூற்றுப் பத்து! "இருபத்தி நாலு செகண்டு!" என்று அம்மாள் கத்தினார். எண்ணெய்த் தலையைக் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் தம்பியைக் கட்டிப்பிடித்தேன். பிறகு கம்ப்யூட்டர் மேலேயே ஒரு முத்தம் கொடுத்தேன். இன்டர்நெட் கம்பெனிப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லவும் போனேன். அம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

மணி எட்டு ஐம்பத்தைந்து. மிஷின் கரகரவென்று போக வர ஆரம்பித்தது. பேனர் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. பிள்ளையார் தும்பிக்கை. வாழ்த்து. பிறகு மேல் வரிசை முகங்கள். அண்ணன் நெற்றி வந்தபோது தம்பி கிட்டே போய் நின்றுகொண்டார். கண், மூக்கு, வாய். முழு முகமும் வந்து தோள் வரும்வரைக்கும் அவர் அங்கிருந்து நகரவில்லை.

ஒன்பதரைக்கு முடிந்தது. ஓரம் மடித்து, கயிறு கோக்கிற வளையம் அடிக்க நேரமில்லை. வளையங்களையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு நானும் வேனில் பின்னால் ஏறிவிட்டேன். "நீங்க எதுக்குண்ணே?" என்று அம்மாள் கேட்டார். எனக்கே தெரியாது. இந்த முகத்தைப் பாதி வழியில் விட்டுவிட முடியவில்லை.

திண்டுக்கல் ரோட்டில் வேன் பறந்தது. பின்னால் நான் மை முழுக்கக் காயாத பேனரை விரித்துப் பிடித்துக்கொண்டு வளையம் அடித்தேன். நாலு அடித்தால் ஒன்று என் விரலில். காற்றில் பேனர் உப்பி எழுந்து சிங்கப்பூர் மச்சான் என் முகத்தில் அறைந்துகொண்டே வந்தார். மணப்பாறையில் யாரும் முறுக்கு வாங்க வண்டியை நிறுத்தக் கூடாது என்று கத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பத்து ஐம்பதுக்குத் தெரு முக்கில் இறங்கினோம். பழைய பேனரைக் கழற்ற இரண்டு பேர் ஏற்கனவே ஏணியில் நின்றார்கள். அப்போதே அடுத்த தெருவில் மேளம் கேட்டது. தம்பி அந்தப் பக்கத்துக் கம்பத்தில் ஏறினார். இந்தப் பக்கம் மேல் மூலைக்கு நான் அந்த ஏணியில் ஏறினேன். மூன்று மூலை கட்டியாகிவிட்டது. என் மூலைக் கயிற்றை முடிச்சுப் போடப் போகும்போது வளையம் பிய்த்துக்கொண்டது. அடித்தவன் நான்தானே. மேளம் தெருவுக்குள் திரும்பிவிட்டது. வேறு வழியில்லை. பேனருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த மூலையைக் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓரத்தில் ஒரு கண்ணால் பார்த்தேன். முன்னால் மேளம். பின்னால் தட்டுகளோடு பெண்கள். நடுவில் அண்ணன், தலையில் பட்டுத்துணி மூடிய பெரிய தட்டு. ஒல்லியான, உயரமான மனிதர். பேனருக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார். அவர் நின்றதும் மேளமும் நின்றது. தட்டு சாயாமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே பார்த்தார். ஒரு முகம் ஒரு முகமாகத் தேடினார். என் கை கழன்றுவிடும் போல இருந்தது.

தம்பி கம்பத்திலிருந்து இறங்கி வந்து முன்னால் நின்றார்.

"ஏன்டா," என்றார் அண்ணன், இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டு. "மீசையெல்லாம் கருகருன்னு இருக்கு. எந்தக் காலத்துப் போட்டோ இது?"

அவருடைய மீசையில் ஒரு முடி கூடக் கறுப்பாக இல்லை.

"என்கிட்ட இதுதாண்ணே இருந்துச்சு."

"புதுசா ஒண்ணு எடுத்திருக்கக் கூடாதா?"

"நீ எங்கண்ணே எனக்கு நின்ன?"

மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடியே நின்றார். நான் மூச்சு விடவில்லை, விட்டால் பேனர் ஆடும். அண்ணன் கண்ணைக் கீழே இறக்கித் தம்பியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. என் கைக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

பிறகு தலையிலிருந்த தட்டை மெதுவாக இறக்கி முன்னால் நீட்டினார்.

"அந்தப் பக்கம் பிடி," என்றார். "எவ்வளவு நேரம்டா நான் ஒருத்தனே தூக்குறது."